கதவு திறந்தது, பூட்டு கழலவில்லை

கதவடைப்பு என்றால் என்ன என்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வேலை செய்ய ஆள் தயார். கேட் பூட்டிக் கிடக்கும். "என் நிபந்தனைக்கு ஒத்துக்கொள், இல்லையேல் பட்டினி கிட" என்பதுதான் அந்தப் பூட்டு பேசும் பாஷை. வேலைநிறுத்தம் தொழிலாளியின் ஆயுதம். கதவடைப்பு முதலாளியின் ஆயுதம். இரண்டையும் ஒன்றாகவே சேர்த்து "தொழில் தகராறு" என்று எழுதிவிட்டுப் போகும் பத்திரிகைகளை நாம் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறோம்.

இந்த ஆயுதம் பஞ்சாலையோடும் சர்க்கரை ஆலையோடும் நின்றுவிடவில்லை. அமெரிக்காவிலே அது விளையாட்டு அரங்குக்குள்ளும் புகுந்தது. அங்கே தொழில்முறைக் கூடைப்பந்தை நடத்தும் முதலாளிகள் 1995, 1998, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை நெடுநாள் கதவடைப்புச் செய்தார்கள். மூன்று முறையும் பூட்டுப் போட்ட நாள் ஜூலை 1. 1995ல் செப்டம்பர் மாதமே சமரசம் ஏற்பட்டதால் ஆட்டம் எதுவும் நிற்கவில்லை. 1998ல் பூட்டிய கதவு 204 நாள் பூட்டியே கிடந்தது. 2011ல் 161 நாள்.

அந்தக் கதவுகள் திறந்து வருஷங்கள் பல ஆகிவிட்டன. ஆட்டம் நடக்கிறது, கூட்டம் கூடுகிறது, டெலிவிஷனில் உலகமே பார்க்கிறது. "எல்லாம் பழையபடி ஆகிவிட்டது" என்கிறார்கள். ஆகவில்லை என்பதே நமது கருத்து. கதவடைப்பின் கேடு, பூட்டிக் கிடந்த நாட்களோடு முடிவதில்லை. கதவைத் திறப்பதற்காகக் கையெழுத்துப் போட்ட காகிதத்தில்தான் அது நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

கோடீஸ்வரர் சண்டை நமக்கு எதற்கு?

ஒரு கேள்வி எழும். "அந்த ஆட்டக்காரர்கள் கோடிக்கணக்கில் வாங்குகிறவர்கள். கோடீஸ்வரனுக்கும் மகா கோடீஸ்வரனுக்கும் நடந்த சண்டை அது. நூல் நூற்கிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் அதில் என்ன வேலை?" நியாயமான கேள்விதான். அந்த ஆட்டக்காரர் நிலையும் நம் நிலையும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார்கள்.

ஆனால் களத்துமேட்டிலே நெல் அளக்கும்போது கேட்கிற கேள்வி, குவியல் எவ்வளவு பெரியது என்பது மட்டுமல்ல. வாரம் எத்தனை, மரக்கால் யார் கையில் என்பதுதான். குவியல் பெரிதாக இருப்பதால் மரக்கால் நேர்மையாகிவிடாது. மேலும், அந்தச் சண்டையில் அதிகமாக அடிபட்டவர்கள் கோடி வாங்குகிறவர்கள் அல்ல. அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம்.

முதலில் இந்தத் தொழிலின் அமைப்பைப் பார்ப்போம். தேசியக் கூடைப்பந்துச் சங்கம், சுருக்கமாக என்.பி.ஏ. பெயரில்தான் சங்கம், நடப்பில் அது அணிகளை உடைமையாகக் கொண்ட முதலாளிகளின் கூட்டு. 1998ல் 29 அணிகள், இன்று 30. ஆட்டக்காரர்களின் சங்கம் வேறு. 1954ல் பாஸ்டன் அணியின் பாப் கூசி முன்நின்று அதைத் தொடங்கினார்.

அந்தச் சங்கம் ஒருகாலத்தில் என்ன சாதித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1964 ஜனவரி 14ந் தேதி பாஸ்டன் நகரில் நட்சத்திர ஆட்டம். டெலிவிஷன் காமிராக்கள் காத்திருக்கின்றன. ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வர மறுத்தார்கள். ஓய்வூதியம் பற்றி வாக்குறுதி கொடுத்தால்தான் களத்தில் இறங்குவோம் என்றார்கள். வெள்ளையரும் கறுப்பரும், பெரிய பேர் எடுத்தவரும் எடுக்காதவரும் ஒரே அறையில் ஒரே பேச்சாக நின்றார்கள். லீக் தலைவர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்தார். ஆட்டம் சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. ஒற்றுமை ஒரு மாலைப் பொழுதிலே சாதித்தது அது. அதே சங்கத்தைத்தான் பின்னால் மாதக்கணக்கில் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்க வைத்தார்கள்.

கப்பல் தொழிலாளிக்குப் போட்ட பூட்டு

அமெரிக்க முதலாளிக்கு இந்தப் பூட்டு எங்கிருந்து கிடைத்தது? விளையாட்டிலிருந்து அல்ல. அங்கே பெரிய ஏரிகளின் கரையில் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்று, 1961ல் ஒப்பந்தப் பேச்சு முறிந்ததும் தொழிலாளரை வெளியே நிறுத்திக் கதவடைத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. பேரத்தில் தன் பக்கத்தை வலுப்படுத்திக்கொள்ள முதலாளி இப்படிக் கதவடைக்கலாம் என்று 1965ல் தீர்ப்பாயிற்று.

கவனியுங்கள் தோழர்களே! கப்பல் பட்டறைத் தொழிலாளி மேல் பிரயோகித்த ஆயுதம், முப்பது வருஷம் கழித்து, நாடே கொண்டாடும் ஆட்டக்காரன் மேல் திரும்பியது. ஒரு தொழிலில் தொழிலாளி இழந்த உரிமை அந்தத் தொழிலோடு நிற்பதில்லை.

1998: யார் கையில் அரிசி இருந்தது?

1998ல் நடந்ததைப் பார்ப்போம். அமலில் இருந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. ஆட்டக்காரர் சம்பளம், வருமானத்தில் 51.8 சதவீதத்தைத் தாண்டினால் முதலாளிகள் ஒப்பந்தத்தை இடையிலேயே முறித்துப் புதிதாகப் பேசலாம். சம்பளம் 57 சதவீதம் ஆகிவிட்டது என்று சொல்லி, அவ்வருஷம் மார்ச்சில் 27க்கு 2 என்ற வாக்கில் முறித்தார்கள். ஜூலையில் பூட்டினார்கள்.

பட்டினிப் போரில் யார் வீட்டில் அரிசி இருக்கிறது என்பதே முதல் கேள்வி. முதலாளிகள் டெலிவிஷன் கம்பெனிகளுடன் நான்கு வருஷத்துக்கு 264 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஆட்டம் நடக்காவிட்டாலும் பணம் வரும். பிற்பாடு கணக்கில் சரிக்கட்டிக் கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஆட்டக்காரருக்கோ சம்பளம் இல்லை. சம்பளம் உறுதி என்று கையெழுத்தான ஒப்பந்தம் வைத்திருந்த இருநூறுக்கு மேற்பட்டோர், அந்தச் சம்பளத்தையாவது கொடுங்கள் என்று மத்தியஸ்தரிடம் போனார்கள். அக்டோபர் 19ந் தேதி அவர் முதலாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். உறுதி என்று எழுதிய காகிதமும் பூட்டுக்கு முன்னால் செல்லவில்லை!

1999 ஜனவரி 6ந் தேதி, பருவம் முழுவதுமே ரத்து ஆகிவிடும் என்ற மிரட்டலின் விளிம்பிலே சமரசம் ஏற்பட்டது. ஆட்டக்காரர்கள் 179க்கு 5 என்று வாக்களித்து ஏற்றார்கள். 82 ஆட்டம் ஆட வேண்டிய ஒவ்வோர் அணியும் 50 ஆட்டமே ஆடியது. நூற்றுக்கு முப்பத்தொன்பது பங்கு ஆட்டமும், அதற்குரிய சம்பளமும் போயின.

இந்த நஷ்டம் ஒரு வருஷத்தோடு முடிந்தது. முடியாதது எது? தனி ஆட்டக்காரன் இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்ற உச்சவரம்பு. அதற்கு முந்தின வருஷம்தான் கெவின் கார்னெட் என்ற இளைஞன் ஆறு வருஷத்துக்கு 12 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றிருந்தான். இனி அதற்கு வழியில்லை. ஆறு வருஷம் வரை ஆடியவருக்கு 90 லட்சம், பத்து வருஷமும் அதற்கு மேலும் ஆடியவருக்கு 1 கோடியே 40 லட்சம் என்று அப்போது வரம்பு கட்டினார்கள். சம்பளத்தில் பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்து, மொத்தப் பங்கு வரம்பைத் தாண்டினால் அதை முதலாளிக்கே திருப்பும் ஏற்பாடும் அந்த ஒப்பந்தத்தில்தான் பிறந்தது. தொகைகள் மாறியிருக்கின்றன, உச்சவரம்பும் பிடித்தமும் இன்றைக்கும் இருக்கின்றன. 1995ல் புதிதாக வரும் இளைஞருக்கு விதித்த சம்பளப் படிநிலையும் அப்படியே இருக்கிறது.

கீழ்மட்ட ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் உயர்ந்தது உண்மை. அதை மறைக்க மாட்டோம். ஆனால் அதை எப்படி விற்றார்கள்? "பெரிய சம்பளக்காரனைக் கட்டிப் போட்டால் உனக்கு மிச்சம்" என்று. உச்சத்தில் இருப்பவர் சிலர். வாக்குப் போடுகிறவர் பலர். ஒரே அறையில் நின்று ஓய்வூதியம் வாங்கியவர்களின் வாரிசுகளை, பெரியவன் சிறியவன் என்று இரண்டாகப் பிரித்துக் கையெழுத்து வாங்கினார்கள். ஸ்பின்னிங் தொழிலாளியையும் வீவிங் தொழிலாளியையும் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

2011: நஷ்டக் கணக்கு

2011ல் முதலாளிகள் சொன்ன காரணம் நஷ்டம். 30 அணிகளில் 22 நஷ்டத்தில் ஓடுகின்றன, போன பருவத்தில் மொத்தம் 30 கோடி டாலர் நஷ்டம் என்றார்கள். அந்தக் கணக்கைச் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 161 நாள் கழித்து, வருமானத்தில் 57 சதவீதமாக இருந்த ஆட்டக்காரர் பங்கு, 49லிருந்து 51 சதவீதம் என்று ஆக்கப்பட்டது.

ஆறு சதவீதம் என்றால் அற்பமா? அப்போது பங்கு பிரிக்கும் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 380 கோடி டாலர். அதில் ஆறு சதவீதம் 22 கோடியே 80 லட்சம். சொன்ன நஷ்டத்தில் முக்கால் பங்கை ஆட்டக்காரர் சம்பளத்திலிருந்தே ஒவ்வொரு வருஷமும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷத்தோடு அது நிற்கவுமில்லை. வருமானம் ஏற ஏற, எடுக்கும் தொகையும் ஏறியது. பங்கு இன்றுவரை பழைய 57க்குத் திரும்பவில்லை.

நஷ்டமோ? அது எங்கே போயிற்று என்று பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணியை அதன் உடைமையாளர் 1981ல் வாங்கிய விலை 1 கோடியே 25 லட்சம் டாலர். 2014ல், கதவு திறந்து மூன்று வருஷத்துக்குள், அது 200 கோடி டாலருக்கு விற்றது. அதே வருஷம் டெலிவிஷன் கம்பெனிகளுடன் ஒன்பது வருஷத்துக்கு 2,400 கோடி டாலர் ஒப்பந்தம். 2024ல் பதினோரு வருஷத்துக்குச் சுமார் 7,600 கோடி. நஷ்டம் என்று சொல்லி வாங்கிய பங்கை, லாபம் கொட்டிய பிறகு யாராவது திருப்பிக் கொடுத்தார்களா?

இதில் ஒரு மனிதரின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. மைக்கேல் ஜோர்டான் ஆட்டக்காரராக இருந்த 1998ல், பேச்சுவார்த்தை மேஜையில் வாஷிங்டன் அணி முதலாளியைப் பார்த்து, லாபம் வராவிட்டால் அணியை விற்றுவிட்டுப் போங்கள் என்று சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. 2011ல் அவரே சார்லட் அணியின் முதலாளி. ஆட்டக்காரர் பங்கை இன்னும் குறை என்ற கண்டிப்பான கோஷ்டியில் அவர் இருப்பதாக அதே பத்திரிகைகள் எழுதின. 2010ல் சுமார் 27 கோடியே 50 லட்சம் டாலர் மதிப்பில் வாங்கிய அந்த அணியை, 2023ல் 300 கோடி மதிப்பிலே கைமாற்றினார். நாம் அவரை வசை பாடப் போவதில்லை. மனிதன் அதே மனிதன். உட்கார்ந்த நாற்காலி மாறியது, பேச்சும் மாறியது. வர்க்கம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆட்டத்துக்கு என்ன ஆயிற்று?

பூட்டிய நாட்களின் வருமானத்தைத் திறந்த நாட்களில் பிழிந்தெடுப்பது முதலாளியின் பழைய வழக்கம். கதவு திறந்த மறுநாளே தறியின் வேகம் கூடும், ஓவர்டைம் கூடும் என்பது ஆலையில் தெரிந்த விஷயம். அங்கேயும் அதுவே நடந்தது. 1999ல் மூன்று மாதத்துக்குள் 50 ஆட்டங்களைத் திணித்தார்கள். அந்தப் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரிப் புள்ளி 91.6. பந்தை 24 வினாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி 1954ல் வந்தது முதல் அவ்வளவு தாழ்ந்த சராசரி இல்லை. 2011 டிசம்பர் 25ந் தேதி தொடங்கிய பருவத்தில் நான்கு மாதத்தில் 66 ஆட்டம். தொடர்ந்து மூன்று இரவு மூன்று ஆட்டம் என்பதை ஒவ்வோர் அணியும் ஒருமுறையாவது ஆட நேர்ந்தது.

2012 ஏப்ரல் 28ந் தேதி, சிகாகோ அணியின் டெரிக் ரோஸ் முழங்கால் நரம்பு அறுந்து விழுந்தான். அதற்கு முந்தின வருஷம் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரன் என்ற பரிசை மிகச் சிறிய வயதில் பெற்றவன் அவன். அடுத்த பருவம் முழுவதும் ஆடவில்லை. பழைய ஆட்டம் திரும்பவுமில்லை. இன்ன காயத்துக்கு இன்னதே காரணம் என்று வைத்தியரல்லாத நாம் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். ஆனால் களைத்த உடம்பில் விபத்து எளிதில் நேரும் என்பதை இரவு ஷிப்டு பார்த்த யாரும் அறிவார்கள்.

ரசிகர்களும் குறைந்தார்கள். 1998 இறுதிப் போட்டியை அமெரிக்காவில் டெலிவிஷனில் பார்த்த கூட்டம் அளவுக்குப் பின்னர் எந்த இறுதிப் போட்டிக்கும் கூடவில்லை. 1999 ஜனவரியில் ஜோர்டான் ஓய்வு பெற்றதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் ஆறு மாதம் முதுகைக் காட்டிய ஆட்டத்துக்கு ஜனங்கள் உடனே முகம் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

கணக்கில் வராதவர்கள்

இப்போது, அதிகமாக அடிபட்டவர்கள் என்று முன்னால் சொன்னவர்களிடம் வருவோம்.

ஓர் ஆட்ட இரவில் அரங்கிலே எத்தனை கை உழைக்கிறது? டிக்கெட் சரிபார்ப்பவர், இருக்கை காட்டுபவர், கார் நிறுத்துமிடத்தில் நிற்பவர், சமையல் அறையில் வேகிறவர், தின்பண்டம் விற்பவர், காவல் நிற்பவர், எல்லோரும் போன பிறகு கூட்டிப் பெருக்குகிறவர். இவர்களில் பலருக்கு ஆட்டம் நடந்தால் கூலி, நடக்காவிட்டால் இல்லை. அறுவடை இருந்தால்தான் கூலி என்ற நம் விவசாயத் தொழிலாளியின் நிலைதான்.

கணக்குப் போடுவோம். ஒரு பருவத்தில் ஓர் அரங்குக்குச் சாதாரணமாக 41 ஆட்டம். 1999ல் 25. பதினாறு இரவுக் கூலி போயிற்று. 2011ல் மேலும் எட்டு இரவு. எல்லா அரங்குகளையும் சேர்த்தால் இரண்டு கதவடைப்பிலும் இருட்டிக் கிடந்த இரவுகள் 704. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் எச்சில் தட்டுக் கழுவுகிறவனின் நஷ்டம் தனி. அந்த அரங்குகளில் பல ஊர் ஜனங்களின் வரிப்பணத்தில் எழுந்தவை. ஆர்லாண்டோ நகரில் 48 கோடி டாலரில், பெரும்பகுதி பொதுப்பணத்தில், 2010ல் புது அரங்கம் திறந்தார்கள். மறுவருஷமே அதன் கதவை முதலாளிகள் சாத்தினார்கள்.

ஆட்டக்காரர், திறந்த பிறகு சம்பளம் பெற்றார். முதலாளி பங்கைப் பெற்றார். அரங்கத் தொழிலாளி இழந்த கூலிக்கு எந்த ஒப்பந்தத்தில் ஈடு எழுதப்பட்டது? ஒன்றிலும் இல்லை. முதலாளி எழுதமாட்டான், அது அவன் இயல்பு. ஆனால் ஆட்டக்காரர் சங்கமும் அந்தக் கோரிக்கையை மேஜைக்குக் கொண்டுவந்து வெற்றி காணவில்லை. நம் விமர்சனம் இங்கேதான். தன்னோடு ஒரே கூரையின் கீழ் உழைப்பவனைச் சேர்க்காமல் தனியே நிற்கும் சங்கத்தை, "கோடீஸ்வரர் கூட்டம்" என்று ஜனங்களிடமிருந்து பிரிப்பது முதலாளிக்கு எவ்வளவு சுலபம்! பிரித்தார்கள், ஜனங்களும் "இருவரும் ஒன்றுதான்" என்று முகம் திருப்பினார்கள். அந்தத் தனிமைதான் பூட்டுக்குப் பெரிய பலம்.

செய்ய முடியாத காரியமும் அல்ல அது. 2020 மார்ச்சில் கொள்ளை நோயால் ஆட்டங்கள் நின்றபோது, கிளீவ்லாந்து அணியின் கெவின் லவ் தன் அரங்கத் தொழிலாளருக்காக ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு அப்போதுதான் வந்திருந்த சையான் வில்லியம்சன் முப்பது நாள் கூலியைத் தான் ஏற்பதாக அறிவித்தார். வேறு பலரும் முன்வந்தார்கள். நல்ல மனம், பாராட்டுகிறோம். ஆனால் தருமம் வேறு, உரிமை வேறு. நல்ல மனிதன் இருக்கிற ஊரில் கூலி, இல்லாத ஊரில் பட்டினி என்பது நியாயமாகாது. அது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

2011க்குப் பிறகு அங்கே கதவடைப்பு இல்லை. 2023ல் போட்ட ஒப்பந்தம் 2029-30 பருவம் வரை. இருதரப்பில் யாரும் ஒரு வருஷம் முன்னதாகவே விலகிக்கொள்ளலாம். இந்த அமைதியைக் காட்டி, பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று யாரும் ஏமாறக்கூடாது. கேட்டது கிடைத்துவிட்டதால் பூட்டு அலமாரியில் இருக்கிறது. உச்சவரம்பு இருக்கிறது, பிடித்தம் இருக்கிறது, குறைந்த பங்கு இருக்கிறது. 1998ல் பிறந்தே இராத இளைஞர்கள் இன்று அந்த விதிகளின் கீழ் ஆடுகிறார்கள். அப்பன் பூட்டிக் கிடந்தான். மகன் அதன் வட்டியைக் கட்டுகிறான்.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன்னால் ஆட்டக்காரர் சங்கம் அரங்கத் தொழிலாளர் சங்கங்களோடு கை கோத்து நிற்க வேண்டும். அரங்கு இருட்டினால் எல்லோருடைய கூலிக்கும் பொறுப்பு யார் என்பதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும். பொதுப்பணத்தில் கட்டிய அரங்கைப் பூட்ட முதலாளிக்கு என்ன உரிமை என்று நகர ஜனங்கள் கேட்க வேண்டும். நஷ்டம் என்று சொல்லிப் பங்கைக் குறைத்தால், லாபம் வரும்போது அது திரும்பும் என்று எழுதி வாங்க வேண்டும்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கதவு திறக்கும் நாளில் மேளம் கொட்டும், மாலை விழும், இனிப்பு வழங்கப்படும். அந்த மகிழ்ச்சி தவறல்ல. பல மாதம் பட்டினி கிடந்தவருக்கு அது இயற்கை. ஆனால் மாலை போடுவதற்கு முன்னால், கையெழுத்தான காகிதத்தை வாங்கி வரிவரியாக வாசியுங்கள், தோழர்களே! வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். கேட்டிலிருந்து கழற்றிய பூட்டை எந்த வரியில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று அங்கேதான் தெரியும்.